அங்கிக்கு உரியவன் யார்?



சென்ற மாரிக்காலத்தில் ஒருநாள் மாலை, கடலூர் முதுநகரைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர், சிதம்பரத்தில் குடியிருக்கும் தம் மகனை அழைத்துக்கொண்டு நம்மைக் காண வந்தார். மகனுடைய கையில் பழைய வேட்டியில் சுற்றிய பொதியொன்று இருந்தது. அதனை மேசைமீது வைத்து அவிழ்த்தார். உள்ளே கரும்பழுப்பு நிறத்தில் தோல் மேலங்கி ஒன்று. மடிப்புகள் வெடித்திருந்தன, மணிக்கட்டுப் பட்டியின் கம்பளிப் பின்னலைப் பூச்சி அரித்திருந்தது, அறை முழுவதும் பாச்சை உருண்டையின் வாடை பரவிற்று. ஆங்கிலேயர் இதனை 'ஜாக்கெட்' என்பர். நம் ஊர்ப்பக்கம் அச்சொல் பெண்டிரின் இரவிக்கையைக் குறிக்குமாதலால், குழப்பம் நேராதிருக்க இங்கு மேலங்கி என்றே எழுதுகிறோம். போர்க்காலத்து விமானிகள் வானத்துக் குளிரைத் தாங்குவதற்காக அணிந்த அங்கி அது.

மூதாட்டியின் மாமனார் காலமாகி நெடுநாள் ஆயிற்று. அவருடைய தகரப் பெட்டியின் அடியில் இது கிடந்ததாம். போர்க்காலத்தில் அவர் உளுந்தூர்பேட்டை விமானத்தளத்தில் கூலிவேலை பார்த்தார் என்றும், ஊர் திரும்பும்போது ஒரு துரை இதனை அவருக்குக் கொடுத்துச் சென்றார் என்றும் குடும்பத்தில் ஒரு பேச்சு வழங்கி வருகிறது.

“இதுக்கு வெளிநாட்டுலே நல்ல விலை கிடைக்கும் சாமி. பொண்ணு காலேஜுக்குப் போகப்போறா. எண்பது வருஷமாப் பெட்டியிலே கிடந்த பொருள்தானே, வித்துடலாம்னு சொல்றேன். அம்மா தடுக்கிறாங்க” என்றார் மகன்.

“விக்கவேண்டாம்னு நான் சொல்லலே சாமி. இது எந்தத் தாய் பெத்த பிள்ளை போட்டுக்கிட்டதுன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு விக்கலாம்னுதான் சொல்றேன்” என்றார் தாய்.

இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. மகளின் படிப்புக்குப் பொருள் தேடும் தந்தையைப் பேராசைக்காரர் என்று எவர் சொல்வார்? அதே வேளையில், அந்த மூதாட்டி கேட்ட கேள்வியும் எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. ஆகவே நாம் இருவருக்கும் ஒரு யோசனை சொன்னோம்: ஓராண்டுக் காலம் தேடிப் பார்ப்போம், அதன்பின் முடிவு செய்வோம். அந்தத் தேடலில் நாமும் கற்றுக்கொண்டவை பல. வாசகர்களுள் சிலருடைய வீட்டுப் பரணிலும் இத்தகைய பழம்பொருள் கிடக்கக்கூடுமாதலின், அவற்றை இம்மாதம் இங்கு எழுத எண்ணினோம்.

முதலாவதாக, குடும்பத்தில் வழங்கும் கதையை மதிக்க வேண்டும். ஆயினும் அதனையே சான்றாகக் கொண்டுவிடலாகாது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷார் அமைத்த விமான ஓடுதளம் ஒன்று உளுந்தூர்பேட்டையில் உண்டு. அந்நாளில் அது தென்னார்க்காடு மாவட்டம். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம். சோழவரம், கயத்தாறு, செட்டிநாடு ஆகிய இடங்களிலும் அக்காலத்து ஓடுதளங்கள் உண்டு. ஆகவே அந்தப் பாட்டனார் சொன்னது நடந்திருக்கக் கூடியதே. ஆனால் போர் முடிந்தபின், படைகள் விட்டுச்சென்ற மிகுதிப் பொருள்கள் இந்நாடெங்கும் ஏலத்தில் விற்கப்பட்டன என்பதும் உண்மை. துரை கையால் கொடுத்ததாகச் சொல்லப்படும் பொருள், சந்தையில் வாங்கியதாகவும் இருக்கலாம். கதை, தேட வேண்டிய திசையைக் காட்டும். வழியை அங்கியே சொல்ல வேண்டும்.

அவ்வங்கி என்ன சொல்லிற்று? கழுத்துப் பட்டியின் உட்புறம் ஒரு துணிச்சீட்டுத் தைக்கப்பட்டிருந்தது. பாதி எழுத்துகள் தேய்ந்திருந்தாலும், 'ஏ-2' என்னும் வகைப்பெயரைப் படிக்க முடிந்தது. இது அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவு 1931-ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட வகை. பெரும்பாலும் குதிரைத் தோலினாலும், சில வேளைகளில் ஆட்டுத் தோலினாலும் செய்யப்பட்டது. அச்சீட்டில் வகைப்பெயர், வரைபட எண், ஒப்பந்த எண், தைத்துக் கொடுத்த நிறுவனத்தின் பெயர் ஆகியன அச்சிடப்படுவது வழக்கம். ஒப்பந்த எண் தெரிந்தால் அங்கி எக்காலத்தில் தைக்கப்பட்டது என்பதை ஏறக்குறையக் கணித்துவிடலாம். உரியவனுடைய பெயரை மட்டும் அது சொல்லாது. ஒரே ஒப்பந்தத்தில் ஆயிரக்கணக்கான அங்கிகள் தைக்கப்பட்டன அல்லவா?

இங்கே ஓர் எச்சரிக்கை. இவ்வகை அங்கிகளைப் பழைய முறைப்படியே, சீட்டு முதலாக அப்படியே படியெடுத்துத் தைத்து விற்போர் இன்று பலர் உளர். ஆகவே தேடத் தொடங்குமுன், பொருள் உண்மையிலேயே பழையதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். போர்க்காலத்து ஏ-2 அங்கியில் முன்புறம் மூடியுள்ள இரண்டு பைகளே உண்டு. பக்கவாட்டில் கையை நுழைத்துக்கொள்ளும் பை இருந்தால், அது பிற்காலத்துப் படைப்பு. மூதாட்டி கொண்டுவந்த அங்கியில் அத்தகைய பை இல்லை.

அடுத்து இடது மார்பு. அமெரிக்க விமானிகள் தம் பெயர் பொறித்த சிறு தோற்பட்டியை அங்கே தைத்துக்கொள்வர். அப்பட்டி இருந்திருந்தால் நம் வேலை பாதி முடிந்திருக்கும். இங்கோ பட்டி இல்லை. அது இருந்த இடத்தில் ஊசித்துளைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. யார் பிரித்தார், எதற்காகப் பிரித்தார் என்பதைச் சொல்ல ஆள் இல்லை. படையணியின் சின்னத்தைத் தைத்துக்கொள்வதும் வழக்கமே. இந்தியா, சீனா, பர்மா முனையில் பணிபுரிந்தோர், சிவப்பு வெள்ளைக் கோடுகளின் மேல் நீலப் பட்டையில் சீனத்துச் சூரியனும் இந்தியாவின் விண்மீனும் அமைந்த கேடயச் சின்னத்தை அணிந்தனர். அச்சின்னங்கள் பலவற்றை நம் நாட்டுத் தையற்காரர்களே தோலிலும் சரிகையிலும் செய்து கொடுத்தனர். சீன வானில் பறந்தோர் சிலர், தாம் விழுந்த இடத்து மக்கள் தம்மைக் காப்பாற்ற வேண்டுமென்று சீன மொழியில் எழுதி வரிசை எண் இட்ட துணியொன்றையும் அங்கியில் தைத்திருந்தனர். அத்தகைய எண் கிடைத்தால் அதுவும் ஒரு நூலிழையாகும்.

இவையொன்றும் இல்லாத அந்த அங்கியின் உட்துணியில், கைக்குழிக்கு அருகே, மங்கிய மையில் ஓர் எழுத்தும் நான்கு எண்களும் இருந்தன. கண்டுபிடித்தவர் மூதாட்டியே. “சாமி, இது நம்ம ஊர்லே துணிக்குப் போடற குறி மாதிரி இருக்கே” என்றார். அவர் சொன்னது மிகச் சரி. நம் ஊரில் சலவைத் தொழிலாளர் சேராங்கொட்டைச் சாற்றினால் துணியின் மூலையில் குறியிட்டு, எந்த வீட்டுத் துணி எது என்று தவறாமல் பிரித்துக் கொடுப்பர். அமெரிக்கப் படையிலும் சலவைக்குறி உண்டு. படைவீரனுடைய குடும்பப் பெயரின் முதலெழுத்தும், அவனது படை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும் சேர்ந்ததே அக்குறி. நூல் படித்து நாம் அறிந்துகொண்டதை, அந்தத் தாய் துணி துவைத்த அனுபவத்தால் அறிந்துகொண்டார்.

அந்தக் குறியை இங்கே அச்சிடாமல் விடுகிறோம். விலைபெறும் பொருளுக்கு உறவு கொண்டாடி வருவோர் பலராக இருப்பர். உண்மையான உறவினரிடம், 'உங்கள் வீட்டுப் பிள்ளையின் படை எண் என்ன?' என்று நாம் கேட்க வேண்டும். அவர்கள் சொல்ல வேண்டும்.

குறி கிடைத்தவுடன் மகனுக்கு உற்சாகம் பிறந்தது. உரியவனைக் கண்டுபிடித்தாயிற்று என்றே எண்ணினார். நாம் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினோம். ஆங்கில எழுத்துகள் 26. நான்கு இலக்க எண்கள் 10,000. இரண்டையும் பெருக்கினால் 2,60,000 குறிகள். அமெரிக்க விமானப் பிரிவிலோ 1944-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 24 இலட்சம் பேர் இருந்தனர். சராசரியாகப் பார்த்தால் ஒரே குறி ஒன்பது பேருக்குப் பொருந்தும். மிகுதியாக வழங்கும் எழுத்தாயின் இன்னும் பலருக்குப் பொருந்தும். குறி ஒருவனைக் காட்டவில்லை. ஒரு கூட்டத்தைக் காட்டுகிறது. அக்கூட்டத்துள் இந்தியாவுக்கு வந்தவன் யார், விமானம் ஏறியவன் யார் என்று சலித்தெடுப்பதே எஞ்சிய வேலை.

சலிப்பதற்கு ஆவணம் வேண்டும். இங்கேதான் ஒரு பெருந்துயரம் குறுக்கே வருகிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரையடுத்த படைவீரர் ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலை 12 அன்று தீப்பற்றியது. 160 முதல் 180 இலட்சம் வரையிலான பணிப்பதிவேடுகள் சாம்பலாயின. 1912 முதல் 1960 வரை பணியிலிருந்து விடுபட்ட தரைப்படையினருடைய பதிவேடுகளில் நூற்றுக்கு எண்பது அழிந்தன. அவற்றுக்குப் படி எடுத்து வைத்திருக்கவில்லை. விமானப் பிரிவு அந்நாளில் தரைப்படையைச் சேர்ந்ததாகையால், நாம் தேடும் மனிதனுடைய பதிவேடும் அத்தீயில் வெந்திருக்கக்கூடும். நாடு முழுவதற்கும் உரிய நினைவை ஒரே கூரையின் கீழ், ஒரே படியாக வைத்திருந்ததன் விளைவு இது. பங்குப் பதிவேடுகளை வைத்திருக்கும் எம்மைப் போன்றோர் அதனை நினைத்து அஞ்ச வேண்டும்.

எனினும் வழி முற்றும் அடைபட்டுவிடவில்லை. படையில் சேர்ந்த ஏறக்குறைய 90 இலட்சம் பேருடைய பெயரும் எண்ணும் அடங்கிய பட்டியல் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் தனியே உள்ளது. அதனை இன்று வீட்டிலிருந்தபடியே இணையத்தில் பார்க்கலாம். எண்ணின் முதல் இலக்கம் ஒன்றாயின் தானே விரும்பிச் சேர்ந்தவன். மூன்றாயின் கட்டாயமாக அழைக்கப்பட்டவன். 'ஓ' என்னும் எழுத்து முன்னிற்குமாயின் அதிகாரி. 1943-ஆம் ஆண்டு முதற்கொண்டு, விமானம் காணாமற்போன ஒவ்வொரு முறையும், அதிலிருந்தோருடைய பெயர், எண், நெருங்கிய உறவினர் ஆகிய விவரங்களுடன் ஓர் அறிக்கை எழுதப்பட்டது. அவ்வறிக்கைகளும் உள்ளன. படையணிகளின் வரலாற்றுத் தாள்கள் அலபாமா மாநிலத்தில் விமானப்படையின் ஆய்வகத்தில் உள்ளன. கிடைத்த அங்கி பிரிட்டிஷ் விமானப்படையினதாயின், இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒவ்வோர் அணியின் நாட்குறிப்பையும் காணலாம். இன்ன நாளில் இன்ன விமானத்தில் இன்னார் பறந்தார் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். இறந்தவராயின், பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையத்தின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். சென்னை நந்தம்பாக்கத்தில் அவ்வாணையம் 1952-ஆம் ஆண்டு அமைத்த கல்லறைத் தோட்டத்தில், இரண்டாம் உலகப் போரில் மாண்ட 856 பேர் துயில்கின்றனர். தென்னகத்திலும் கிழக்கிந்தியாவிலும் நிலையான பராமரிப்புக்கு வழியில்லாத கல்லறைகளிலிருந்து கொணர்ந்து அங்கு அடக்கப்பட்டவர்கள் அவர்கள்.

இவ்வளவையும் கேட்ட மகன், “ஏதாவது ஒரு பெயர் பொருந்தினால் அதையே வைத்துக்கொள்ளலாமே சாமி? பெயருள்ள அங்கிக்கு விலை கூடுதலாம்” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆயினும் அச்சொல் நம்மை நம்முடைய கடலூரின் பழங்கதை ஒன்றுக்கு இழுத்துச் சென்றது.

1783 ஜூன் மாதம். கடலூர்க் கோட்டையில் பிரெஞ்சுக்காரர். வெளியே முற்றுகையிட்டு ஆங்கிலேயரும், அவர்களுக்குத் துணையாக வந்த ஹானோவர் நாட்டுச் செருமானியப் படையினரும். ஜூன் 25 அன்று பிரெஞ்சுக்காரர் கோட்டையினின்று வெளிவந்து தாக்கித் தோற்றனர். அப்போது காயமுற்றுச் சிறைப்பட்ட இளம் சார்ஜண்ட் ஒருவனை, ஹானோவர் படைத்தலைவர் வாங்கன்ஹைம் இரக்கங்கொண்டு தம் கூடாரத்துக்கு அழைத்துச் சென்று பேணினாராம். பல்லாண்டுகள் கழித்து ஹானோவர் நாடு பிரெஞ்சு வசமானபோது, அங்கு வந்த படைத்தலைவர் பெர்னதோத், 'கடலூரில் நீர் காப்பாற்றிய சார்ஜண்ட் நானே' என்று சொல்லி நன்றி பாராட்டினார் என்பது கதை. அந்தப் பெர்னதோத் பின்னர் சுவீடன் நாட்டின் மன்னரானார். அவ்வாறாயின், சுவீடனின் அரச குலத்து முதல்வர் நம் கடலூர் மண்ணில் இரத்தம் சிந்தியவர் என்றாகிறது. சொல்வதற்கு எவ்வளவு இனிமையான செய்தி!

ஆனால் பெர்னதோத்தின் வாழ்க்கையை ஆராய்ந்தோர் பலர் இதனை ஏற்பதில்லை. அக்காலத்தில் அவர் இந்தியாவுக்கு வந்ததற்குத் தக்க சான்றில்லை என்பது அவர்கள் முடிவு. கதை அழகாயிருந்தது, கேட்டோர் மகிழ்ந்தனர், நூல்களிலும் ஏறிற்று. அதனால் நேர்ந்த இழப்பு ஒன்றுண்டு. கடலூர் மணலில் காயம்பட்டு வீழ்ந்த உண்மையான இளைஞன் ஒருவன் இருந்திருப்பானாயின், அவன் யார் என்று எவரும் கேட்கவில்லை. மன்னருடைய பெயரை அவன்மேல் போர்த்திவிட்டபின், அவனுடைய சொந்தப் பெயரைத் தேடுவதற்கு யாருக்கும் தேவை ஏற்படவில்லை. தவறான பெயரைச் சூட்டுவது உரியவனை இரண்டாம் முறை புதைப்பதற்கு ஒப்பாகும். அதைவிட, 'இவனுடைய பெயர் தெரியவில்லை' என்று நேர்மையாக எழுதி வைப்பது எவ்வளவோ மேல். இதைச் சொன்னபோது மகன் தலைகுனிந்து புன்னகைத்தார்.

'எண்பது ஆண்டுகள் சென்றபின் இத்தேடல் எதற்கு? தாயும் தந்தையும் போய்விட்டனர். அழுவதற்கு யார் இருக்கிறார்கள்?' என்று வாசகர்களுள் சிலர் கேட்கலாம். அவர்களுக்கு நம் கடற்கரையிலேயே விடை உண்டு.

2015 ஜூன் 8 அன்று மாலை, இந்தியக் கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானம் ஒன்று மூவருடன் சென்னையிலிருந்து கண்காணிப்புக்குப் புறப்பட்டது. இரவில் தொடர்பு அறுந்தது. நம் கடலூர், சிதம்பரம் கரைக்கு அப்பால் கடலில் தேடத் தொடங்கினர். கப்பல்கள் தேடின, விமானங்கள் தேடின, கடலாய்வுக் கப்பலான சாகர் நிதியும் தேடியது. ஒரு மாதம் சென்றபின், சிந்துத்வஜ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் ஆழத்திலிருந்து வந்த மெல்லிய ஒலியைக் கேட்டது. 'ஒலிம்பிக் கேன்யன்' என்னும் கப்பலிலிருந்து இறக்கிய இயந்திரம், பிச்சாவரத்துக்குக் கிழக்கே, ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஆழத்தில், விமானத்தின் சிதைவுகளைக் கண்டது. விமானத்தின் பதிவுப் பெட்டியும் எலும்புகளும் மேலே கொண்டுவரப்பட்டன. அந்த ஒரு மாதமும் மூன்று வீடுகளில் அடுப்பு எரிந்திருக்கும், சோறு இறங்கியிருக்காது. இறந்துவிட்டான் என்னும் செய்தியைவிட, என்ன ஆனான் என்று தெரியாத நிலை கொடியது. கடலோரப் பங்குகளில் பணிபுரிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கட்டுமரம் திரும்பாத வீட்டின் வாசலில் எத்தனை இரவுகள் விளக்கு அணையாதிருக்கும் என்பதை நாம் கண்டிருக்கிறோம்.

காலம் கடந்தால் அவ்விளக்கு அணைந்துவிடும் என்று எண்ணவேண்டா. 1968 பிப்ரவரி 7 அன்று, சண்டிகரிலிருந்து லே நோக்கிச் சென்ற இந்திய விமானப்படையின் விமானம் ஒன்று, 102 பேருடன் ரோதாங் கணவாய்ப் பக்கத்துப் பனிமலையில் மறைந்தது. 2003-ஆம் ஆண்டில்தான் மலையேறுவோர் அதன் தடயத்தைக் கண்டனர். 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் மேலும் சில உடல்கள் மீட்கப்பட்டன. உடல்களோடு கிடைத்த தாள்களும் படைத்துறை ஆவணங்களும் அவர்கள் இன்னார் என்பதைக் காட்டின. அவர்களுள் ஒருவர் கேரளத்தின் பத்தனம்திட்டை மாவட்டம் இலந்தூரைச் சேர்ந்த தாமஸ் செரியான் என்னும் இளம் படைவீரர். ஐம்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், 2024 அக்டோபரில், தம் சொந்த ஊர் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். உடன்பிறந்தோர் முதுமையடைந்திருந்தனர், இறந்தவரோ அவர்கள் நினைவில் இன்னும் இருபத்திரண்டு வயது இளைஞர்.

அமெரிக்க விமானியர் பற்றியும் ஒன்று சொல்லலாம். 1944 ஜனவரி 25 அன்று, சீனத்தின் குன்மிங்கிலிருந்து அசாமின் சாபுவா நோக்கி எட்டுப் பேருடன் வந்த குண்டுவீச்சு விமானம் ஒன்று, இன்றைய அருணாசலப் பிரதேசத்து மலையில் மோதிற்று. 2006-ஆம் ஆண்டில் அதன் சிதைவைக் கண்டவர் கிளேட்டன் கூல்ஸ் என்னும் அமெரிக்கர். அங்குக் கிடைத்த எச்சங்கள் இராபர்ட் ஆக்ஸ்போர்டு என்னும் இளம் அதிகாரியுடையவை என்று 2017-இல் உறுதியாயிற்று. எழுபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர் ஜார்ஜியா மாநிலத்தில் தம் சிற்றூருக்குத் திரும்பினார்.

உடையைக் காட்டி 'இது உம் மகனுடையதா, பாரும்' என்று கேட்ட காட்சியை வாசகர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். யோசேப்பின் அங்கியைக் கண்ட யாக்கோபு அதை உடனே அடையாளம் கண்டுகொண்டார். அவரிடம் அங்கி உண்மையாயிருந்தது. சொன்ன செய்தி பொய்யாயிருந்தது. அதனால் ஒரு தந்தை ஆண்டுக்கணக்கில் வீணே அழுதார். ஓர் அங்கியைக் கையில் வைத்திருப்பவன் அதைப்பற்றி உண்மை சொல்லக் கடமைப்பட்டவன்.

இன்னொன்றையும் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க மனம் வரவில்லை. அமெரிக்கனுக்குப் படை எண் இருந்தது, சலவைக்குறி இருந்தது, காணாமற்போனால் எழுத ஓர் அறிக்கை இருந்தது. அதே போரில், சயாம்–பர்மா இரயில்பாதையிட ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசென்ற தமிழ்த் தொழிலாளருக்கு என்ன இருந்தது? 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943-இல் முடிந்தபோது, ஆசியத் தொழிலாளரில் ஏறத்தாழ 90,000 பேர் இறந்திருந்தனர் என்று மதிப்பிடுவோர் உளர். அவர்களுள் பல்லாயிரவர் தமிழர். தென்னார்க்காட்டிலிருந்து மலாயா சென்ற குடும்பங்களும் குறைவல்ல. அங்கே போர்க்கைதிகளாக மடிந்த வெள்ளையருக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவருள் மிகப் பெரும்பாலோருக்குப் பெயர் எழுதிய கல் இல்லை. அயலான் அங்கிக்கு உரியவனைத் தேடும் இந்த முயற்சி, நம் வீட்டுப் பாட்டன் எங்கே மாண்டான் என்று கேட்கவும் நம்மைத் தூண்டுமாயின் அதுவே பெரும்பயன். பினாங்கிலிருந்து வந்த பழைய கடிதம், தோட்டத்துச் சீட்டு, மங்கிய நிழற்படம் ஆகியவை உங்கள் வீட்டில் இருக்குமானால், பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களைக் கேட்டு, யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள்.

இனி அந்த அங்கியின் கதைக்கு வருவோம். மகன் அதனை முன்னும் பின்னும், உள்ளும் புறமும் நிழற்படம் எடுத்தார். அழகுபடுத்தும் ஆசையில் எண்ணெய் பூசவோ கழுவவோ வேண்டாமென்றோம். மங்கிய மை அதனோடு போய்விடும். பிரிந்த தையலையும் அப்படியே விட்டுவைத்தோம். ஊசித்துளையும் ஒரு சாட்சியே. குறிக்குப் பொருந்தும் பெயர்களைப் பட்டியலிலிருந்து அவரே தொகுத்து வருகிறார். கடல்கடந்து சில கடிதங்களும் சென்றுள்ளன. இதை எழுதும்வரை விடை வரவில்லை.

பேத்தியின் முதலாண்டுக் கட்டணத்துக்காக மூதாட்டி தம் வளையல் இரண்டையும் அடகு வைத்தார். “ஒரு வருஷம் பொறுக்கச் சொன்னது நான்தானே சாமி, அதுக்கு நான்தானே வழி பண்ணணும்” என்றார். தவணை முடியுமுன் உரியவனின் உறவினர் கிடைத்தால் அங்கி அவர்களுக்கே செல்லும். அவர்கள் மனமுவந்து கொடுப்பதைப் பெற்றுக்கொள்வது என்று தாயும் மகனும் பேசி முடித்திருக்கின்றனர். கிடைக்காவிடில் விற்றுக்கொள்ளலாம், அதில் குற்றமில்லை. ஆனால் உளுந்தூர்பேட்டைக் கதை, பெயர்ப்பட்டி இருந்த இடம், சலவைக்குறி, தேடிய இடங்கள், பொருந்திய பெயர்கள், பொருந்தாத பெயர்கள் அனைத்தையும் எழுதிய தாளொன்று அங்கியின் பைக்குள் இருக்க வேண்டும் என்பது நாம் விதித்த ஒரே நிபந்தனை. வாங்குபவர் அங்கிருந்து தேடலைத் தொடரலாம். மகன் அத்தாளை எழுதத் தொடங்கிவிட்டார். மேலே தலைப்பாக, 'இதற்கு உரியவரின் பெயர் இன்னும் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறார். 'இன்னும்' என்ற சொல்லின்கீழ் அவர் தாயார் கோடிடச் சொன்னாராம்.

வாசகர்களே, உங்கள் பரணில், பெட்டியில், சுவரின் ஆணியில் பிறருடைய பொருள் ஏதேனும் உளதா? பதக்கமாயிருக்கலாம், பழைய கைக்கடிகாரமாயிருக்கலாம், பெயர் எழுதிய செபப்புத்தகமாயிருக்கலாம். எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எழுத்தோ எண்ணோ கண்டால், அந்த மூதாட்டி கேட்ட கேள்வியை நீங்களும் கேளுங்கள். அடுத்த திங்களில் மீண்டும் சந்திப்போம்.